28 அடி கேட்டமரானில் இரட்டை அவுட்போர்டு: உயரத்தில் தேடிய பிழை டிரிம்மில் இருந்தது

அமெரிக்காவில் அரிசோனா-கலிபோர்னியா எல்லையில் இருக்கும் ஹவாசு ஏரியில் நேற்றுக் காலை ஆறரை மணி ஓட்டத்தில் இரு திசைச் சராசரி மணிக்கு 109 மைல். இரண்டு எஞ்சினுக்கும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வித்தியாசம் 20-க்குள். ஸ்டீயரிங்கில் இழுவை இல்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் இதே படகு, இதே எஞ்சின்களோடு 98-ஐத் தாண்ட மறுத்து, 95-க்கு மேல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடையில் செய்தது எல்லாம் வரிசையாகக் கீழே இருக்கிறது. வீணாய்ப் போன நாலு நாளும் சேர்த்துத்தான்.

படகு 28 அடி. இரண்டு ஸ்பான்சன் (பக்கத்துக்கு ஒன்றாக நீளும் ஒடுங்கிய அடிப்பகுதி), நடுவில் காற்றுச் சுரங்கம். கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், ஆனால் கட்டிய மரத்துக்கும் இதற்கும் பேரைத் தவிர உறவில்லை. இங்கே சுரங்கத்துக்குள் அமுங்கும் காற்று படகைத் தூக்கும். வேகம் கூடக்கூட ஸ்பான்சனின் பின்முனையும் ப்ரொபெல்லரும் மட்டும்தான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். சாதாரண வி-அடிப் படகில் கண்ணுக்கே தெரியாத கால் அங்குலப் பிசகு இதில் ஸ்டீயரிங்கில் வந்து நிற்பது அதனால்தான்.

எஞ்சின் மெர்குரி ரேசிங் 450ஆர், இரண்டு. டிரான்ஸம் என்ற பின்சுவருக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு வகை. 4.6 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர் உண்டு. ஒன்று 313 கிலோ. முழுத் த்ராட்டில் வரம்பு 5,800 முதல் 6,400 ஆர்பிஎம். கியர்கேஸ் (எஞ்சினின் கீழ்ப்பகுதி, கியரும் ப்ரொபெல்லர் தண்டும் இதில்தான்) ஸ்போர்ட் மாஸ்டர், விகிதம் 1.60. மூக்கு பிறைவடிவில் இருக்கும், குளிர்நீர் எடுக்கும் துளைகள் மூக்கின் அடிப்பக்கம். பக்கவாட்டில் துளை உள்ள சாதாரண கியர்கேஸை இந்த உயரத்தில் மாட்டினால் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் குடிக்கும்.

டிரான்ஸமில் மாட்டியது

இரண்டு டிரான்ஸமிலும் எஞ்சினை 6 அங்குலம் பின்தள்ளிப் பிடிக்கும் அலுமினிய ஜாக் பிளேட். ஹைட்ராலிக் அல்ல. மேலே ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி ஏற்றி இறக்கும் எளிய வகை. போல்ட் துளைகள் எல்லா அவுட்போர்டுக்கும் பொதுவான அளவு: மேல் இரண்டுக்கும் நடுவே 327 மி.மீ., கீழ் இரண்டுக்கும் நடுவே 251 மி.மீ. போல்ட் அரை அங்குல ஸ்டெயின்லெஸ், உள்பக்கம் தடித்த பேக்கிங் பிளேட், நைலான் பூட்டு நட்டு. கழற்றிய பூட்டு நட்டை மறுபடி போடவில்லை. நாலு டாலருக்குப் பார்த்து 313 கிலோவை ஏரியில் விட முடியாது.

டார்க் (முறுக்கு விசை) வைக்கும்போது முள் உள்ள ரெஞ்ச்தான் வேண்டும். க்ளிக் ரெஞ்ச் டார்க்கைச் சொல்லுமே தவிர, டிரான்ஸமின் நிலையைச் சொல்லாது. டிரான்ஸமுக்கு 75 நியூட்டன் மீட்டர், எஞ்சினை உலோக ஜாக் பிளேட்டில் பூட்டும் போல்ட்டுக்கு 122. வலது டிரான்ஸமின் கீழ்ப் போல்ட்டில் முள் 60-க்கு வந்து நின்றது. நட்டு கால் சுற்றுக்கு மேல் திரும்பியும் முள் ஏறவில்லை. வாஷர் விளிம்பைச் சுற்றி ஜெல்கோட்டில் (படகின் வெளிப்பூச்சு) மயிரிழை வளையம் விழ ஆரம்பித்திருந்தது. டிரான்ஸம் உள்ளே அமுங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அங்கேயே நிறுத்தி போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், பழைய துளையின் சுவரில் ஒரு விரற்கடைக்கு மரம் ஈரம் ஏறிக் கருத்திருந்தது. துளையை 20 மி.மீ.க்குப் பெரிதாக்கி, நன்றாகக் காயவிட்டு, தடிப்பாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, இரண்டு நாள் கழித்து மறுபடி துளைத்தோம். இரண்டாம் முறை முள் எங்கும் நிற்காமல் 75 வரை ஏறியது. மற்ற ஏழு துளையையும் அப்போதே திறந்து பார்த்தாயிற்று. நல்லவேளை, எல்லாம் உலர்ந்திருந்தன.

உயரத்தை அளக்கும் முறை

ப்ரொபெல்லர் தண்டின் மையம் ஸ்பான்சன் அடிக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதுதான் இங்கே பேசும் உயரம். அதற்கு 2 மீட்டர் நீள அலுமினியப் பெட்டிக் குழாய் ஒன்று போதும், வளைவு இல்லாததாக. ஸ்பான்சனின் அடித்தளத்தில் கடைசி ஒன்றரை மீட்டரோடு ஒட்டி க்ளாம்ப் போட்டால் மீதி பின்னால் கியர்கேஸுக்கு அடியில் நீளும். குழாயின் மேல் விளிம்பிலிருந்து தண்டின் மையம் வரை ஸ்கேலால் அளக்கலாம். அதே குழாயை வைத்தே ஸ்பான்சனின் பின்பகுதி நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் அடி கொக்கிபோல் வளைந்திருக்கிறது, அது மூக்கைக் கீழே அழுத்தும். இந்தப் படகில் இரு பக்கமும் 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழையவில்லை.

ஜாக் பிளேட்டில் ஒட்டியிருக்கும் கோட்டை நம்பக் கூடாது. இரண்டு பிளேட்டும் ஒரே கோட்டில் நின்றபோது தண்டுகளுக்குள் 4 மி.மீ. வித்தியாசம். டிரான்ஸமின் மேல்விளிம்பை வெட்டியதில் இருந்த பிசகு அது. தொடக்க உயரம் இரு பக்கமும் 3 அங்குலம் கீழே. இது வேண்டுமென்றே வைத்த ஆழம். முதல் ஓட்டத்தில் குளிர்நீர் உறுதியாக ஏற வேண்டும், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஓட்டமும் தப்பான வழியும்

ப்ரொபெல்லர் ஐந்து பிளேடு ஸ்டெயின்லெஸ், 30 பிட்ச் (ஒரு சுற்றுக்கு ஏட்டில் முன்னேறும் தூரம், அங்குலத்தில்), வெளிப்பக்கம் சுழலும் ஜோடி. பின்னாலிருந்து பார்த்தால் வலது எஞ்சின் கடிகாரச் சுற்று, இடது எதிர்ச்சுற்று. டாங்க் பாதி, ஆட்கள் இருவர், பத்து மணி நேரப் பழக்க ஓட்டம் ஏற்கெனவே முடிந்த எஞ்சின்கள்.

98 மைல். வலது 6,260 ஆர்பிஎம், இடது 6,090. டிரிம் (எஞ்சின் முன்பின் சாயும் கோணம்) காட்டி இரண்டிலும் ஒரே எண். ஆனாலும் வலது ஸ்பான்சன் எழும்பி நிற்கிறது, இடது உழுகிறது, படகு இடப்பக்கம் போகிறது.

170 ஆர்பிஎம் வித்தியாசம் என்றால் ப்ரொபெல்லர் ஜோடி சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். இரண்டையும் கழற்றி, பிட்ச் அளக்கும் கடைக்கு அனுப்பி, பிளேடு பிளேடாகப் பார்த்து வாங்கியதில் 380 டாலரும் இரண்டு நாளும் போயின. இரண்டும் குறையில்லாத ஜோடி. அடுத்து எடை. வலப்பக்கம் 40 கிலோ மணல் மூட்டை வைத்ததும் சாய்வு கொஞ்சம் குறைந்தது. ஆர்பிஎம் வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தது. எடை மாறியும் ஆர்பிஎம் அசையவில்லை என்பதே ஒரு துப்பு. அதை அன்று கவனிக்காமல், வலது எஞ்சினை அரை அங்குலம் இறக்கினோம். வித்தியாசம் 50-க்கு வந்தது, இழுவையும் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து அதையே அடிப்படையாக வைத்து மேலும் இரண்டு நாள் ஓட்டம். தப்பான அளவின் மேல் கட்டிய எதுவும் நிற்கவில்லை. டிரிம்மைத் தொட்டால் போதும், இழுவை திரும்பி வந்தது.

பிழை அகப்பட்டது ட்ரெய்லரில்தான். டிஜிட்டல் கோணமானியை ஸ்பான்சன் அடியில் ஒட்டிய குழாயில் வைத்து பூஜ்யம் ஆக்கினோம். ப்ரொபெல்லரைக் கழற்றி, தண்டின் வழுவழுப்பான பகுதியில் வி-வெட்டுள்ள சின்னக் கட்டையை உட்காரவைத்து, அதன் மேல் கோணமானி. இடது எஞ்சினின் டிரிம் காட்டியை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் தண்டு 0.0. வலது காட்டியும் பூஜ்யம், ஆனால் தண்டு மேல்நோக்கி 2.4 டிகிரி. சென்ஸாரின் அளவமைப்பு இரண்டுக்கும் தனித்தனி நிலையில் செய்யப்பட்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

2.4 டிகிரி கேட்கச் சின்னது. டிரிம் அச்சிலிருந்து ப்ரொபெல்லர் ஒரு அடிக்கு மேல் பின்னால் இருக்கிறது. அந்தத் தூரத்தில் இத்தனை கோணம் ப்ரொபெல்லரைச் சுமார் அரை அங்குலம் மேலே தூக்கிவிடும். வலது எஞ்சின் ஒரே நேரத்தில் தன் பக்கத்து மூக்கையும் தூக்கியது, தானும் தண்ணீர்ப் பரப்புக்கு ஏறி ஆர்பிஎம் கூட்டிக்கொண்டது. அரை அங்குலம் இறக்கியதும் நோய் பாதி மறைந்தது இதனால்தான். உயரத்தை ஈடுகட்டினோமே ஒழிய கோணம் அப்படியே கிடந்தது.

இரண்டு சென்ஸாரையும் தண்டு 0.0 காட்டும் நிலையில் வைத்து மறு அளவமைப்பு செய்தோம். 20 நிமிட வேலை, செலவு இல்லை. மணல் மூட்டை கரைக்குப் போனது, உயரம் இரண்டும் 3 அங்குலத்துக்குத் திரும்பியது. அடுத்த ஓட்டம் 100.7 மைல், 6,240 மற்றும் 6,220.

உயரப் படிகள்

இங்கிருந்து ஒரு ஓட்டத்துக்கு ஒரே மாற்றம். ஓட்டம் எல்லாம் காலை ஆறிலிருந்து எட்டுக்குள். பாலைவனத்து ஏரி இது. 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 45-க்குப் போனால் அடர்த்தி 6 சதவீதம் குறையும். எஞ்சினும் இளைக்கும், சுரங்கம் தரும் தூக்குவிசையும் இளைக்கும். காலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒப்பிட்டு ப்ரொபெல்லர் முடிவு எடுத்தால் வெயிலுக்குத்தான் பிட்ச் தேர்ந்தெடுத்ததாகும். வேகம் 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ்ஸில், போகவும் வரவும் சராசரி.

ஸ்லிப் (ஏட்டு வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள இடைவெளி) கணக்கு: ஒரு மைலில் 63,360 அங்குலம், 60 நிமிடத்தால் வகுத்தால் 1,056. ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தையும் 1,056-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஏட்டு வேகம். 6,320 ஆர்பிஎம், 32 பிட்ச் என்றால் 2,02,240-ஐ 1,689.6-ஆல் வகுக்க 119.7 மைல். படகு 108.3 ஓடினால் ஸ்லிப் 9.5 சதவீதம்.

30 பிட்ச்:
3 அங்குலம் கீழே: 6,230 ஆர்பிஎம், 100.7 மைல், ஸ்லிப் 9.0
2 அங்குலம்: 6,390 ஆர்பிஎம், 103.2 மைல், 9.0

ஆர்பிஎம் வரம்பின் வாசலுக்கு வந்துவிட்டது. மேலே ஏற்றினால் லிமிட்டர் வெட்டும். 32 பிட்ச் ஜோடி மாட்டியாயிற்று, ப்ரொபெல்லர் நட்டு 75 நியூட்டன் மீட்டர்.

32 பிட்ச்:
2 அங்குலம்: 6,120 ஆர்பிஎம், 105.5 மைல், 9.0
1¼ அங்குலம்: 6,240 ஆர்பிஎம், 107.4 மைல், 9.1
¾ அங்குலம்: 6,320 ஆர்பிஎம், 108.3 மைல், 9.5
¼ அங்குலம்: 6,410 ஆர்பிஎம், 106.6 மைல், 12.2

ஸ்லிப் குறைவாக இருப்பதே நல்லது என்று எண்ணி 2 அங்குலத்தில் நிறுத்தியிருந்தால் கிட்டத்தட்ட மூன்று மைலைக் கோட்டை விட்டிருப்போம். ஆழத்தில் ப்ரொபெல்லர் நன்றாகக் கடிக்கும், ஸ்லிப் அழகாக இருக்கும். ஆனால் கியர்கேஸின் இழுவை வேகத்தைத் தின்றுகொண்டிருக்கும். கடைசிப் படியில் நேர்மாறு: இழுவை குறைந்தது, கடியும் போயிற்று.

நீர் அழுத்தமும் அங்கேதான் எல்லை சொன்னது. 2 அங்குலத்தில் 22 பிஎஸ்ஐ, ¾-இல் 20, ¼-இல் 12. அதுவும் அகலமான திருப்பத்தில் முள் நடுங்கியது. வேகம் குறையாமல் இருந்திருந்தாலும் அந்த உயரம் வேண்டாம் என்று விட்டிருப்போம். ¾-க்கு ஒரு விலை உண்டு: நின்ற நிலையிலிருந்து பிளேன் ஏற (தண்ணீருக்கு மேல் எழும்பிச் சறுக்க) 5 நொடி எடுத்தது 7 ஆனது. நாலைந்து பேரை ஏற்றி, கரைக்கும் ஏரிக்கும் அலையும் படகுக்கு 1¼-தான் சரி.

டோ

இரண்டு எஞ்சினையும் இணைக்கும் டை பாரில் முதலில் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ராட் எண்டில் (பாரின் முனை மூட்டு) தட்டல் கேட்டால், அதை மாற்றாமல் டோ (இரண்டு எஞ்சினும் இணையாக நிற்கிறதா, மூக்கு விரிந்தோ நெருங்கியோ நிற்கிறதா என்பது) அளப்பது வெட்டி வேலை. இங்கே இடது முனையில் ஒரு மி.மீ. ஆட்டம். புதியது 65 டாலர்.

அளப்பது தண்டு முனைக்கு முனை, மூக்கு நுனிக்கு நுனி. இரண்டும் சமமென்றால் இணை. தொடக்கம் அப்படித்தான். பிறகு மூக்குகள் 3 மி.மீ. உள்நோக்கி வைத்ததில் 0.4 மைல் இறங்கியது, ஸ்டீயரிங் கனத்தது. 3 மி.மீ. வெளிநோக்கி வைத்ததில் 109.0 மைல், 6,330 ஆர்பிஎம்.

காரணம் யூகிக்கக் கஷ்டமில்லை. பாதி வெளியே தெரியும் ப்ரொபெல்லரில் கீழ்ப்பாதிப் பிளேடு மட்டும்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. அதனால் கடிகாரச் சுற்று ப்ரொபெல்லர் தன்னை வலப்பக்கம் தள்ளிக்கொள்ளும். வெளிப்பக்கம் சுழலும் ஜோடியில் இரண்டு ப்ரொபெல்லரும் ஒன்றை விட்டு ஒன்று விலகப் பார்க்கும், பின்முனை விரிந்தால் மூக்குகள் நெருங்கும். பிராக்கெட்டின் நெளிவுக்கு ஈடாக நின்ற நிலையில் மூக்கைக் கொஞ்சம் விரித்து வைத்தால், முழுத் த்ராட்டிலில் இணையாக வந்து நிற்கும். 5 மி.மீ.க்குப் போனபோது கூடவில்லை. 3-இலேயே பூட்டியாயிற்று.

உள்பக்கச் சுழற்சி

கியர்கேஸ் இரண்டையும் பக்கம் மாற்றி உள்பக்கம் சுழலவிட்டும் பார்த்தோம். முழுசாக ஒரு நாள் வேலை. டோவையும் தலைகீழாக, மூக்கு 3 மி.மீ. உள்ளே என்று மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு "உள்சுழற்சி ஒத்துவரவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. 6,360 ஆர்பிஎம், 110.6 மைல், ஸ்லிப் 8.2. 1.6 மைல் கூடுதல்தான். ஆனால் இந்தப் படகில் மூக்கு சட்டென இலேசாகிறது, பக்கக்காற்றில் அலைகிறது. திரும்ப வெளிச்சுழற்சிக்கே மாற்றிவிட்டோம். வேறு அச்சில் வார்த்த படகில் விடை வேறாக இருக்கும். ஒரு முறை சோதிக்காமல் சொல்ல முடியாது.

டிரிம் எல்லை பற்றி ஒரு வார்த்தை. தண்டு +3 டிகிரியைத் தாண்டியதும் வேகம் ஏறுவது நின்று மூக்கு மிதக்க ஆரம்பிக்கிறது. அங்கே எதிர்க்காற்று ஒன்று சுரங்கத்துக்குள் புகுந்தால் படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். சென்ஸார் எல்லையை 3-இலேயே பூட்டியிருக்கிறோம். மூக்கு இலேசாவது தெரிந்தால் த்ராட்டிலைப் படாரென்று மூடக் கூடாது. மெல்ல விட்டு, டிரிம்மை இறக்கி, 60 மைலுக்கு வந்த பிறகே திருப்பம். எஞ்சின் நிறுத்தும் கயிற்றை மாட்டியே ஓட்ட வேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு வந்தது. இது 28 அடி, சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கயிறு இல்லாமல் ஒரு ஓட்டமும் ஓடவில்லை.

செலவு

போல்ட், நட்டு, சீலண்ட், எபாக்ஸி 210 டாலர். ராட் எண்டு 65. கோணமானி 40, பெட்டிக் குழாய் 35. சோதனைக்கு வாடகைக்கு எடுத்த 32 பிட்ச் ஜோடி 300. பிறகு அதையே வாங்கியதால் விலையில் கழித்துக்கொண்டார்கள். வீணாய்ப் போன ப்ரொபெல்லர் பரிசோதனை 380. பெட்ரோல்தான் பெரிய ஓட்டை: முழுத் த்ராட்டிலில் இரண்டும் சேர்ந்து மணிக்கு 80 கேலனைத் தாண்டும். ஒரு ஓட்டம் 40 நொடிதான் என்றாலும் போகவர எல்லாம் சேர்த்து 190 கேலன், ஆயிரம் டாலருக்கு மேல். அதில் கால்வாசி தப்பான டிரிம்மோடு ஓடிய ஓட்டங்களுக்குப் போனது.

அடுத்த படகில் வரிசை மாறும். எஞ்சின் தொங்கிய அன்றே, ப்ரொபெல்லர் மாட்டும் முன், இரண்டு தண்டின் கோணமும் 0.0-இல் சென்ஸார் பூட்டப்படும். உயரத்தை அதற்குப் பிறகே அளப்போம், தண்டு சாய்ந்திருந்தால் உயரமும் பொய். டை பார் தட்டல் அதே மதியம். பழைய துளையுள்ள டிரான்ஸம் என்றால் எட்டுத் துளையும் திறந்து பார்த்த பிறகே எஞ்சினைத் தூக்கும் கிரேனுக்குச் சொல்ல வேண்டும். இந்த முறை கிரேனுக்கு இரண்டு தடவை கூலி கொடுத்தது மேலே உள்ள கணக்கில் வரவில்லை.

கியர் எண்ணெய் நேற்று மாலை மாற்றியாயிற்று. அடி ஸ்க்ரூவிலிருந்து மேல்நோக்கி நிரப்பி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. வடிகால் ஸ்க்ரூ காந்தத்தில் இரு பக்கமும் சாம்பல் நிற மெழுகுபோல் நைசான பொடி மட்டும். கீற்றோ செதிலோ இல்லை. மறுபடி 25 மணி நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும்.